நாலடிக்கு ஆறடி அமைதி

இவருக்கு இனிமேல் அதிர்ச்சியே கூடாது என்று இருதய டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கணக்கு டீச்சர் அதிர்ந்துபோனார். அதிர்ச்சி என்ன, கடையில் விற்கிற சாமானா, வேண்டாம் என்று வாங்காமல் வந்துவிட?

"நல்ல காட்சியா பாக்கட்டும்மா. மரம், தண்ணி, வானம். பாக்கப் பாக்க மனசு அடங்கணும்" என்றார் டாக்டர்.

"பாக்குறதுதான் டாக்டர் அவரோட வேலையே."

அது உண்மை. டீச்சரின் கணவர் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பவர். இளமையில் உட்கார்ந்த நாற்காலி; தலை நரைத்தும் எழுந்திருக்கவில்லை. பெட்டி படுத்துக்கொண்டு வரும், குப்புற வரும், தலைகீழாக வரும். எப்படி வந்தாலும் உள்ளே இருப்பது கத்தரிக்கோலா கண்ணாடிக்கூடா என்று ஒரு மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் கழுகு. வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. சொந்தக்காரர்கள் குடும்பப் புகைப்படம் காட்டினால் முகங்களைப் பார்க்க மாட்டார். "சித்தப்பா சட்டைப் பையில என்னமோ இருக்கே" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கழுகு கட்டிலில் படுத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தது. எதிர்ச் சுவரில் ஒரு கறை இருந்தது.

மூன்றாவது மாடி வீடு. அதற்கு மேலே மொட்டை மாடிதான். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வற்றாத ஒரு குளம் நின்றது. மழைநீர் இறங்கும் குழாய் உள்ளுக்குள் எங்கேயோ இடிந்து அடைத்துவிட்டது, சுவரையே உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. குளம் மெதுவாகக் கீழே இறங்கி டீச்சர் வீட்டுச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தது.

"நேத்து ஆமை மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் கழுத்து வந்திருக்கு" என்றார் கணவர்.

டீச்சர் பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். ஆமைக்குக் கழுத்து வளர்ந்த அளவுக்கு எண்ணும் வளர்ந்திருந்தது.

"அதைப் பாக்காதீங்க."

"வேற எதைப் பாக்குறது? உன்னையா?"

"ஏன், நான் என்ன அவ்வளவு மோசமா?"

"உன்கிட்ட புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

அந்தப் பதிலுக்கு வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அதிர்ச்சி கூடாது என்பதால் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே செயலாளர் வீட்டுக்குப் போனார்.

செயலாளர் ஒரு காலத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 'தாடையைக் கொஞ்சம் இறக்குங்க' என்று ஊருக்கே சொன்னவர். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு தாடையை இறக்க ஆளில்லாமல் கடையை இறக்கி மூடினார். சில காலம் காணாமல் போய்த் திரும்பியபோது நீர்க்கலைஞராக இருந்தார். ஏரி, குளம், ஓடை ஆகியவற்றில் விழும் பிம்பங்களைப் படம் பிடித்து, கேன்வாஸில் பெரிதாக அச்சடித்து, இல்லங்களில் அமைதி தரும் இயற்கைக் கலை என்று விற்றார். அமைதியை விற்பவர் அவசரமாகப் பேசலாமா? அவருடைய ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பஸ் போய்விடும்.

"மொட்டை மாடித் தண்ணியை இந்த வாரமாவது எடுத்துடணும் சார். அவர் உடம்புக்கு ஆகல" என்றார் டீச்சர்.

செயலாளர் கண்ணை மூடினார். பஸ் போனது.

"டீச்சர். தண்ணி பிரச்சினை இல்ல. நாம அதைப் பாக்குற விதம்தான் பிரச்சினை."

"நாங்க பாக்கல சார். அதுதான் எங்க வீட்டுக்குள்ள வந்து எங்களைப் பாக்குது."

"ஐயாவுக்கு ஒரு படம் தர்றேன். கறை இருக்குற இடத்துலயே மாட்டிடலாம். சங்க உறுப்பினர்ங்கறதால பாதி விலை."

கறையைக் கொடுத்தவரே அதற்கு மூடியும் விற்கிறாரே என்று டீச்சருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் டாக்டர் சொன்னதும் அதுதானே: மரம், தண்ணீர், வானம். மூன்றும் ஒரே சட்டத்துக்குள் கிடைத்தன.

மறுநாளே படம் வந்தது. நாலடி உயரம், ஆறடி நீளம். வெளிர்நீலத் தண்ணீருக்குள் வெள்ளை மேகங்கள் மிதந்தன. இடப்பக்கம் கரும்பச்சையாக ஏதோ தடித்து நெளிந்தது. மேலே ஒரு மெல்லிய கோடு, அதில் பளிச்சென்று நீலமாக ஒரு புள்ளி. எல்லாம் தலைகீழாக, லேசாக நடுங்கி, பார்க்க அழகாகவே இருந்தன.

"நிச்சலனம், ஏழு" என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார். "பாதையே இல்லாத ஒரு மலை ஏரி. அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க, காத்து நிக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக நாள் கணக்கா காத்திருந்தேன். இது முதுமரம். இந்த நீலம் மீன்கொத்தி. நான் எடுக்கல டீச்சர். தண்ணி குடுத்துச்சு, நான் வாங்கிக்கிட்டேன்."

"தண்ணிக்கும் பாதி விலைதான் குடுத்தீங்களா?" என்று கட்டிலில் இருந்து கேள்வி வந்தது. கலைஞர்கள் காதில் சில கேள்விகள் விழுவதில்லை.

படம் ஏறியது. ஆமை மறைந்தது. அன்றைக்கே எண் கொஞ்சம் இறங்கியது, மறுநாள் இன்னும் கொஞ்சம். கணவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏரியைப் பார்த்தபடி கிடந்தார். முகத்தில் ஒரு தெளிவு. டீச்சர் சமையலறையில் நின்று செயலாளரைப் பற்றி இதுவரை நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது கூப்பிட்டார் கணவர்.

"இங்க வா. இதை முதுமரம்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"முதுமரத்துக்கு மூடி இருக்குமா?"

"மூடியா?"

"மேல வட்டமா ஒரு மூடி. பக்கத்துல ஒரு குழாய் வளைஞ்சு இறங்குது பாரு. வளைவுல வெள்ளையா பசை பூசியிருக்கு. இது தண்ணித் தொட்டி."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். மரம் என்று பார்த்தால் மரம். தொட்டி என்று கேட்டபின் பார்த்தால் தொட்டியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதுவும் எப்படிப்பட்ட தொட்டி? போன வருஷம் சங்கத்துச் செலவில் பச்சை வண்ணம் அடித்து, பாதியில் வண்ணம் தீர்ந்துபோய், அப்படியே விட்ட தொட்டி. அந்த அரைகுறை விளிம்பு ஏரிக்குள் அச்சாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மலை ஏரி, அட்டைப்பூச்சி, எல்லாம் இவர் படுத்திருக்கும் கட்டிலுக்கு நேர் மேலேயா? ஆத்திரத்தை விடப் பயம் முந்திக்கொண்டது. ஐயோ, இது அதிர்ச்சியாயிற்றே! ஓடிப்போய்ப் பட்டையை எடுத்து வந்து கணவர் கையில் சுற்றினார்.

எண் இறங்கியிருந்தது.

இயந்திரம் கெட்டுவிட்டதா என்று தன் கையில் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஏறியிருந்தது. இயந்திரம் சரியாகத்தான் இருந்தது.

கணக்கு டீச்சர் ஒரு தடவை வந்த விடையை நம்புகிறவர் அல்ல. சாயங்காலம் கணவர் மீன்கொத்தியைக் கண்டுபிடித்தார். அது கொடியில் மாட்டிய துணிக் கிளிப். எண் இறங்கியது. மறுநாள் மேகத்துக்கு நடுவில் ஒரு பச்சை வாளி, கைப்பிடி உடைந்தது. இன்னும் இறங்கியது. எதுவும் அகப்படாத மதியத்தில் மட்டும் கொஞ்சம் ஏறியது. இந்த மனுஷனுக்கு அமைதி தந்தது இயற்கையும் இல்லை, கலையும் இல்லை. ஒருத்தர் ஒளித்து வைத்ததை இவர் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். விடை சரி. ஆனால் இப்படி ஒரு விடையை எந்த டாக்டரிடம் போய்க் காட்டுவது?

எனவே டீச்சர் செயலாளரிடம் சண்டைக்குப் போகவில்லை. "படம் எப்படி வேலை செய்யுது?" என்று அவர் படிக்கட்டில் கேட்டபோது, "பிரமாதமா வேலை செய்யுது சார், பிரஷர் குறைஞ்சிருக்கு" என்று சொல்லித் தொலைத்தார்.

அதுதான் வினையாக முடிந்தது. அந்த வாரக் கடைசியிலேயே செயலாளர் ஒரு அம்மாளை அழைத்துக்கொண்டு கதவைத் தட்டினார். பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளுக்கெல்லாம் பொறுப்பாளர். சுவருக்கு ஒன்றாகப் படம் வாங்கப்போகிறவர். கையில் ஒரு அளவு நாடாவும் வைத்திருந்தார்.

"மேடம், விளம்பரம் பேசலாம். ஆனா உயிர் பேசாது" என்று செயலாளர் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "ஐயா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப ஒரு மாதிரி. இப்ப பாருங்க. ஏரியோட கலந்துட்டாரு."

"படம் எப்படி சார் இருக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் ஏரியோடு கலந்தவர். "வாளி வரைக்கும் தெளிவா தெரியுது."

"வாளியா?"

"ஐயா உருவகமா சொல்றாரு மேடம்."

"உருவகம் இல்ல, பிளாஸ்டிக். பச்சை. அந்த மேகத்துக்குக் கீழ. இடப்பக்கம் தொட்டி, வலப்பக்கம் கொடி, கொடியில ஒரு கிளிப்." கணவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டை நிறுத்தச் சொல்லும்போது அவர் குரல் இப்படித்தான் இருக்கும். "காலையில இருந்து இன்னொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன். கைப்பிடிச் சுவருக்கு அடியில ஒரு ஓட்டை. மழைத்தண்ணி போற ஓட்டை. அது வாயில துணி அடைச்சிருக்கு."

அம்மாள் படத்துக்குக் கிட்டே போனார்.

"தானா போய் விழுந்த துணி இல்ல. சுருட்டி, திருகி, உள்ள செருகின துணி. நீலக் கோடு போட்டது." அவர் நிறுத்தினார். கண்கள் விரிந்தன. "அடப்பாவி! அது என் துண்டு!"

மாடிக் கொடியிலிருந்து காணாமல் போன அந்தத் துண்டுக்காகத்தானே கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவைக் கொடியில் கை வைக்கிறவள் என்று ஜாடையாகப் பேசி, பேச்சுவார்த்தையே அற்றுப்போய்க் கிடக்கிறது? குழாய் இடியவில்லை. உள்ளே எதுவும் அடைக்கவில்லை. மழைக்காலம் முழுக்கச் சுவர் ஊறியது, கறை வளர்ந்தது, இவர் நெஞ்சைப் பிடித்தது எல்லாம் ஒரு துண்டால். இல்லை, ஒரு படத்தால். டீச்சர் கணவர் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். இளவட்டப் பையனுக்கு இருக்க வேண்டிய எண் வந்தது.

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே. டீச்சர் பட்டையைக் கழற்றி அவர் கையில் சுற்றினார். இயந்திரம் ஏறிக்கொண்டே போய், முனகி, எண்ணைக் காட்டாமல் விழிக்க ஆரம்பித்தது.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார், மூச்சு நல்லா வரும்" என்றார் கணவர்.

அந்த நேரத்தில்தான் படத்தின் கீழ்ச் சட்டத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஏரி ஒழுக ஆரம்பித்துவிட்டது.

ஹோட்டல் அம்மாள் வாயைப் பிளந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "நிஜத் தண்ணியா இது?" என்றார். செயலாளருக்கு ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பஸ் போயும் வார்த்தை வரவில்லை. அம்மாள் சட்டத்தைப் பிடித்து மெல்லத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஆமை இப்போது ஆமையாக இல்லை. யானையாகி, குட்டியும் போட்டிருந்தது. சுண்ணாம்பு உப்பி, ஒரு சில்லு உதிர்ந்தது.

இனி கலைஞரின் கதை முடிந்தது என்றுதான் டீச்சர் நினைத்தார். அம்மாள் அளவு நாடாவை எடுத்துக் கறையின் குறுக்கே வைத்தார்.

"இவ்வளவு பெருசும் மறைஞ்சிருந்துச்சா?" அவர் குரலில் பரவசம் தெரிந்தது. "சார், எங்க மேல்தளத்துல ஒரு ரூம் பாக்கியில்ல, எல்லாம் இதே கதைதான். இந்த சைஸ்லயே எல்லாத்துக்கும் போட்டுடுங்க. தண்ணிக்கு எங்கயும் அலைய வேணாம். எங்க மொட்டை மாடிலயே முழங்கால் அளவு நிக்குது."

டீச்சர் அந்த வீட்டில் பல அதிர்ச்சிகளைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார். செயலாளருக்கோ போன உயிர் அப்படியே திரும்பி வந்தது. குரல் இறங்கியது, கண் மூடியது, பஸ் போனது.

"உங்க தண்ணிகிட்ட முதல்ல பேசிப் பாக்கணும் மேடம்" என்றார்.

அம்மாளை வழியனுப்பிவிட்டு அவர் வாசலில் நின்றார். "டீச்சர், நம்ம மாடியில எட்டும் ஒன்பதும் பாதியில நிக்குது. இந்த வாரம்தான் வெளிச்சம் சரியா விழுது. அந்தத் துண்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு..."

"உப்பின சுவர் அவர் கட்டில் மேல விழற வரைக்குமா?"

"கட்டிலைக் கொஞ்சம் நகத்தினா..."

டீச்சர் அவரைத் தள்ளிவிட்டுப் படியேறினார். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கி, தொட்டிக்குப் பின்னால் போய், கைப்பிடிச் சுவருக்கடியில் தடவினார். துண்டு அகப்பட்டது. இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார். குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. மலை ஏரி சுழன்று சுழன்று உள்ளே இறங்கியது.

நிமிர்ந்தால், ஈரத்துணி வாளியோடு எதிரே தையல்கார அம்மா நின்றிருந்தார். அவர் கண் டீச்சர் கையில் சொட்டிக்கொண்டிருந்த நீலக்கோட்டுத் துண்டில் நின்றது.

"கிடைச்சிருச்சா?"

டீச்சருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மன்னிச்சிருங்கக்கா. நாங்க தப்பா..."

"பரவால்ல விடுங்க. நீங்க பேசுன பேச்சுல, உங்க துண்டை எங்க வச்சேன்னு நானே ரெண்டு தரம் பெட்டியைத் தேடிட்டேன்."

சுவர் காய ஆரம்பித்தது. தையல்கார அம்மா தினம் வந்து கணவரை நலம் விசாரித்துவிட்டு, போகும்போது "ஏதாவது காணோம்னா சொல்லி அனுப்புங்க" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

ஆனால் எண் ஏறியது.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல. அதான்." கணவர் நிச்சலனம் ஏழைச் சலிப்போடு பார்த்தார். "இந்தப் பெட்டியில இனி எதுவும் இல்ல. முழுசா பாத்தாச்சு."

டீச்சர் ஒரு நாள் பொறுத்தார். கணவர் படத்தை விட்டுவிட்டு மேலே சுழலும் விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். எண் இன்னும் ஏறியது. மாத்திரையைக் கூட்டலாம் என்றார் டாக்டர் போனில். வேறு வழியில்லாமல், குளத்தை வற்றவைத்த அதே கையால் டீச்சர் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னொரு படம் வேணும் சார்."

செயலாளர் உள்ளே போகவில்லை. "அவமானப்படுத்த வந்தீங்களா டீச்சர்? ஐயா என் படத்துல குறை கண்டுபிடிச்சாச்சு. மாடியையும் காய வச்சாச்சு. இன்னும் என்ன?"

"குறையில்ல சார். அவருக்கு மருந்தே அதுதான். வாளியைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் அவர் ராத்திரி மாத்திரை இல்லாம தூங்குனாரு. கிளிப்புக்கு அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டார் தெரியுமா? ஒரு மதியம் முழுக்க உங்க படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

செயலாளர் முகத்தில் இதுவரை டீச்சர் பார்க்காத ஒரு அதிர்ச்சி இருந்தது. இத்தனை காலம் எத்தனை சுவர்களில் மாட்டியிருக்கிறார்! பல் ஆஸ்பத்திரியில், வங்கியில், கல்யாண மண்டபத்தின் கை கழுவும் இடத்தில். எல்லாரும் நீளம் கேட்டார்கள், அகலம் கேட்டார்கள், துடைத்தால் அழுக்கு போகுமா என்று கேட்டார்கள். ஒருத்தர்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

"முழு மதியமா?" என்றார். நடுவில் பஸ் எதுவும் போகவில்லை.

"முழு மதியம்."

அவர் வேகமாக உள்ளே போனார். ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "இது மூணு. யாரும் வாங்கல, கலங்கலா இருக்குன்னாங்க. இதுல நிறைய இருக்கு டீச்சர். எனக்கே சிலது என்னன்னு தெரியாது."

டீச்சருக்கு முன்னால் அவர் படியேறி, கதவைத் தள்ளி, கட்டிலின் காலடியில் சுருளை விரித்தார். பழுப்பும் சாம்பலுமாகத் தண்ணீர் விரிந்தது. கணவர் தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் குனிந்தார்கள். டீச்சர் ஓசைப்படாமல் பட்டையைச் சுற்றினார்.

"இது சைக்கிள் சக்கரம்" என்றார் கணவர்.

"சரிதான்."

"இது ஏணி. மேல் படி இல்ல."

"அட, ஆமா!"

"இது யாரு? வலது மூலையில. பனியன் போட்டுக்கிட்டு, முட்டி போட்டு, இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கானே."

செயலாளர் மூக்கு படத்தில் முட்டும் வரைக்கும் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நான் இல்ல" என்றார்.

"நீங்க இல்லியா? அப்ப வேற யாரு?"

"தெரியல. அன்னைக்கு மாடியில என்னைத் தவிர யாரும் கிடையாது. சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

கணவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். டீச்சர் குனிந்து எண்ணைப் பார்த்தார். இறங்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க சார், அவசரமில்ல" என்றார் கணவர். "பாத்துடலாம்."